பெற்ற நாள், பார்த்த நாள்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகர்ந்தது. என் பொறுப்பில் மூன்று பொருள்கள் இருந்தன. மழைமானிகளைச் சரிபார்க்கும் கண்ணாடிக் குடுவை, பஞ்சு வைத்த மரப்பெட்டியில். காலிகோ அட்டை போட்ட பழைய பதிவேடு ஒன்று. பதினான்கு ஆண்டுகளாகப் பிரிக்காமலே வைத்திருந்த பழுப்பு உறை ஒன்று. முதலாவது அலுவலகத்துக்காக. மற்ற இரண்டும் என் சொந்தக் காரியம்.

போர்ட் பிளேரிலும் சுற்றியுள்ள குடியேற்றங்களிலும் இருக்கும் மழைமானிகளைப் பார்த்துவரும்படி வானிலை அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். கேபினில் கீழ்ப் படுக்கை கிடைத்தது. மேல் படுக்கையில் கருப்பையா என்ற ராமநாதபுரத்துக்காரர். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். இது அவருக்குப் பதினோராவது கடல் பயணம்.

“மழைய அளக்கவா சார் போறீக?”

“ஆமாம்.”

“அங்கிட்டு எட்டு மாசம் பெய்யும். அளந்து என்ன செய்யப் போறீக? கொஞ்சம் கொறச்சுக்கன்னு அதுக்கிட்டச் சொல்லுவீகளா?”

புதன்கிழமை முழுவதும் கப்பல் ஆடியது. சோறும் தண்ணீர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்டதை நான் பத்து நிமிடம்கூட வைத்திருக்கவில்லை. கருப்பையா நாரத்தங்காய் ஊறுகாயை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அது வயிற்றில் நின்றது. கீழ்த்தளத்தில் குடியேறப் போகும் வங்காளிக் குடும்பங்கள் இருந்தன. ஒரு பெண் விதைநெல் மூட்டையை மடியில் வைத்தபடி மாலுமியிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். கருப்பையாவுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். “அங்க மண்ணு என்ன நெறம்னு கேக்குறா. அவன் கடல்ல வேல செய்யுறவன், அவனுக்கு என்ன தெரியும்?” என்றார்.

வியாழக்கிழமை கடல் அடங்கியது. காலை எட்டே முக்காலுக்கு மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து அந்த உறையைப் பிரித்தேன்.

அதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நான் படித்த பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்திய கணித மன்றம் ஒன்று இருந்தது. அதில் சேருகிறவர்களுக்கு வரிசை எண் கிடையாது. பகா எண் கொடுப்பார்கள். இரண்டு என்ற எண் எப்போதும் பேராசிரியருக்கு. முதல் மாணவன் மூன்று, அடுத்தவன் ஐந்து, பிறகு ஏழு, பதினொன்று என்று போகும். நான் சேர்ந்த பிற்பகலில் எழுபத்தொன்று வந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் சூசை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அவன் குடும்பத்தில் வலை பிடிக்காத முதல் கை அவனுடையது. அவனுக்கு எழுபத்துமூன்று.

இரண்டு பகா எண்களுக்கு இடையே வித்தியாசம் இரண்டாக இருந்தால் அவர்கள் மன்றத்தில் இரட்டையர். இருபத்துமூன்று, முப்பத்தேழு போன்றவர்களுக்கு இரட்டை கிடையாது. அவர்களைப் பார்த்து நாங்கள் பரிதாபப்படுவோம். ஒருவன் எழுதிய நிரூபணம் மன்றத்தின் கரும்பலகையில் ஏற வேண்டுமானால், முதலில் அவனுடைய இரட்டை அதை வரி வரியாகப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்: பெற்ற நாள், பார்த்த நாள். பிழை கண்டால் முப்பது நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிழை இல்லை என்று பொருள். நினைவூட்டுவது மரியாதைக் குறைவு. எண்ணும் இரட்டையும் ஆயுளுக்கும் உண்டு.

கடைசிச் செயலர் நான். எனக்குப் பிறகு யாரும் சேராததால் மன்றம் நின்றுவிட்டது. பதிவேடு என்னிடம் தங்கிவிட்டது. சூசை இறுதியாண்டை முடிக்கவில்லை. தகப்பனார் போன படகு திரும்பவில்லை என்று தந்தி வந்தது, போனான். பிறகு அந்தமானில் துறைமுக வேலைத்தளம் ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்ததாக எழுதினான்.

அங்கிருந்து அவன் அனுப்பிய உறை வந்தபோது எனக்கு இடமாற்றம் வந்திருந்தது. கனமாக இருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ‘விடுமுறையில் பார்க்க’ என்று எழுதிய கோப்பில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கோப்பைத் திறந்து, வெட்கப்பட்டு மூடினேன். ஒரு வருடம் கழித்து வெட்கம் கூடியிருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் தவறாமல் அனுப்பினேன். அவனும் அனுப்பினான். அவன் கேட்கவே இல்லை. அந்தமான் பயணம் என்று உத்தரவு வந்ததும், அந்தக் கோப்பைத் தேடி உறையைக் கையில் எடுத்தேன்.

பன்னிரண்டு தாள். முதல் பக்கத்தின் மேலே ‘எழுபத்தொன்றின் பார்வைக்கு’ என்று அவன் அழகான கையெழுத்து. ஆறு என்ற எண்ணை அதற்குக் குறைந்த எந்த எண்கள் மீதியின்றி வகுக்கும்? ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் மறுபடி ஆறு. இருபத்தெட்டும் அப்படித்தான். இவற்றை நிறைவு எண்கள் என்போம். இதுவரை கிடைத்தவை எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்று உண்டா, இல்லவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. இல்லவே இல்லை என்று காட்டுவதற்கான முதல் படியைத்தான் சூசை எழுதி அனுப்பியிருந்தான்.

நான்கு பக்கம் வரை பென்சிலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக என்னால் எழுத முடியாது. ஐந்தாம் பக்கம் ஏழாம் வரியில் நின்றேன். ஓர் எண் வேறு இரு எண்களின் பெருக்கத்தை மீதியின்றி வகுக்கிறது. ஆகவே அவ்விரண்டில் ஒன்றையாவது வகுத்தே தீரும் என்று எழுதியிருந்தான். வகுப்பது பகா எண்ணாக இருந்தால் இது உண்மை. ஆனால் அந்த எண் பகா எண் அல்ல. முந்தைய பக்கத்தின் கடைசி வரியில் இரண்டு எண்களைப் பெருக்கி அவனே உண்டாக்கியது. பக்கம் திருப்புவதற்குள் மறந்துவிட்டான். பகா எண்களோடேயே புழங்கிய எங்கள் கைக்கு வரக்கூடிய பிழை. மணி பார்த்தேன். ஒன்பது இருபது. உறையைப் பிரித்து முப்பத்தைந்து நிமிடம்.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. கருப்பையா கேட்டார். ஒரு நண்பர் வீடு கட்டினார், அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொன்னார், நான் பதினான்கு வருஷம் பார்க்கவில்லை, இப்போது பார்த்தால் கோணல் என்று சொன்னேன்.

“அவரு அந்த வீட்டுல குடியிருக்காரா?”

“இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.”

“அப்ப போயி, பாத்து, அவுக போடுற மீன் கொழம்பச் சாப்புட்டு, பேசாம வந்துருங்க சார். அஸ்திவாரம் மண்ணுக்குள்ளதான கெடக்கு.”

வெள்ளிக்கிழமை காலை போர்ட் பிளேர். மழை. சென்னையில் மழை வந்தால் கூரை தேடி ஓடுவோம். இங்கே யாரும் நடையை மாற்றவில்லை. சமதளமான தெரு ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் டப்பாப் பால் விட்ட டீதான் கிடைத்தது, காபி கிடைக்கவில்லை. கடலுக்கு அக்கரையில் உள்ள எந்த ஊரும் ‘மெயின்லேண்ட்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. “மெயின்லேண்டில் வெயிலா?” என்று டீக்கடைக்காரர் இந்தியில் கேட்டார், அடுத்த தெருவை விசாரிப்பதுபோல.

சனிக்கிழமை முதல் மழைமானியைப் பார்த்தேன். குறிப்பெடுப்பவர் ஒழுங்கானவர், ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் அவரிடம் இருந்த குடுவை வேறு அளவு மழைமானிக்கு உரியது. ஆறு வருடக் குறிப்பும் தவறு. அவர் முகம் வெளுத்துவிட்டது. கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சரியாகிவிடும் என்றேன். பிழை அறிக்கையை அன்று மாலையே எழுதி உறையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சூசை இருக்கும் லம்பா லைனுக்குப் பஸ் ஏறினேன். முதல் மேட்டில் பஸ் உறுமிவிட்டுப் பின்னால் நழுவியது. கண்டக்டர் தெலுங்கர், இந்தியில் கத்தினார்: “காலையில் நன்றாகச் சாப்பிட்டவர்கள் எல்லாம் இறங்கித் தள்ளுங்கள், சாப்பிடாதவர்கள் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்!” கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டைகளோடு ஆறேழு பேர் தள்ளினோம். பஸ் மேட்டின் மேல் ஏறி, எங்களுக்காக நிற்காமல், அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. மீதி தூரம் நடை. பதினொன்று இருபதுக்குத் தகரக் கூரை போட்ட பலகை வீட்டின் முன் முழங்கால்வரை சேற்றோடு நின்றேன்.

கதவைத் திறந்தவர் சூசையின் மனைவி லூர்து. நான் கடிதம் போட்டிருந்ததால் காத்திருந்தார்.

“வாங்க அண்ணே. ஐயோ, இப்படி நனைஞ்சிட்டியளே. பஸ் கராப் ஆயி நின்னுட்டா?”

“நிற்கவில்லை அம்மா. எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.”

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. “வாலே எழுபத்தொண்ணு! அந்த பஸ் அப்படித்தாம்லே. தள்ளுனவன ஏத்தாது.”

சூசை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். எழுந்து கையை நீட்டினான். கை என் தோளுக்கு ஒரு சாண் இடது பக்கம் நின்றது. வாழ்த்து அட்டைகளில் இதை அவன் எழுதியதில்லை. சமீப வருடங்களில் அட்டைகளை எழுதியது யார் கை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

“கண்ணுல நீர் அழுத்தம்னாங்க. மெயின்லேண்டுக்குப் போயும் பாத்தாச்சு. ஆறு வருசம் ஆச்சு. இவதான் இப்ப என் கண்ணு, கை, எல்லாம். பாக்கிறதுக்கு ஒண்ணும் பெருசா இல்லலே, உன் மூஞ்சிதான். அது முன்னாடியே பாத்ததுதான.”

லூர்து சூரை மீன் குழம்பும் தேங்காய் போட்ட கீரையும் வைத்தார். கருப்பையா சொன்னது நினைவுக்கு வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். பேசாமல் இருந்துவிடலாம் என்று அந்த நேரத்தில் முடிவும் செய்துவிட்டேன், மறைக்க விரும்பவில்லை.

சாப்பாடு முடிந்ததும் லூர்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். உள்ளே பத்தொன்பது நோட்டுகள். முதல் பதினொன்று சூசையின் கையெழுத்து. மீதி எட்டும் வட்ட வட்டமான வேறொரு கையெழுத்து.

“நான் எட்டாங் கிளாசு அண்ணே. இவுக சொல்லச் சொல்ல எழுதுனேன். மொதல்ல ஒண்ணும் புரியல. இப்ப வகுக்கும்னா நேர்க்கோடு, வகுக்காதுன்னா அதுல ஒரு வெட்டு. வெட்டு மறந்துட்டேன்னா கோவம் வரும் பாருங்க, சாமியாருக்குக்கூட அப்படி வராது.”

“அவ எழுதுறது என்னுதவிட சுத்தம்லே,” என்றான் சூசை. “நீ அந்த உறையப் பாத்து ஒண்ணும் சொல்லல. கப்பல் தாமதம் இருக்கும்னு நான் முப்பது நாள் போதாதுன்னு தொண்ணூறு நாள் விட்டேன். தொண்ணூத்தோராம் நாள் காலையில அடுத்த படிய ஆரம்பிச்சேன். எழுபத்தொண்ணு பாத்துட்டான், அஸ்திவாரம் கெட்டி, இனி கட்டலாம்னு. இன்னும் ரெண்டு படி இருக்கு. முடிஞ்சதும் நீதான் பலகையில ஏத்தணும்.”

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பையில் பதிவேடும் அந்த உறையும். மறுநாள் போய்விடலாம். இன்னும் இரண்டு படி, எப்போது முடியுமோ. ஆனால் முடிந்தால் இந்தப் பத்தொன்பது நோட்டும் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகும். யாரோ ஒருவர் முப்பத்தைந்து நிமிடத்தில் ஐந்தாம் பக்கத்தில் நிற்பார். அதை அவனுக்கு ஓர் அந்நியர் எழுதுவார்; லூர்து உரக்கப் படிப்பார்.

“லூர்து, மொத நோட்ட எடு,” என்றான் சூசை. “உறையில அனுப்புனதோட நகல் வரிக்கு வரி அதுல இருக்கு. அவனுக்குப் படி. அவன் கூட இருக்கும்போது நானும் ஒருக்கா கேட்டா நல்லாருக்கும்.”

அவர் படித்தார். ஜெபம் சொல்வதுபோல ஒரே ராகத்தில், குறிகளையெல்லாம் சொற்களாக்கி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பக்கம். ஐந்தாம் பக்கம் ஏழாம் வரிக்கு வந்தார்.

“நிறுத்துங்கள் அம்மா,” என்றேன்.

தகரத்தின் மேல் மழை பலமாக விழுந்துகொண்டிருந்தது.

“வகுக்கிற அந்த எண் எது, சூசை?”

“நாலாம் பக்கத்துக் கடைசி வரி. ரெண்டையும் பெருக்கி…” என்று தொடங்கியவன் நிறுத்தினான். உதடு மட்டும் அசைந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு மனைவி பக்கம் திரும்பினான்.

“லூர்து. முப்பத்தாற ஆறு வகுக்குமா?”

“வகுக்கும்.”

“முப்பத்தாறுங்கறது நாலு ஒம்பது. நால ஆறு வகுக்குமா?”

“வகுக்காது.”

“ஒம்பத?”

“வகுக்காது. மூணு மிஞ்சும்.” அவர் நோட்டைப் பார்த்தார். விரல் ஏழாம் வரியில் இருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தார். “அப்ப இதுக்கு அப்புறம் எழுதுனது…”

 

“எப்பலே பாத்த?” என்றான் சூசை.

“கப்பலில். வியாழக்கிழமை.”

“இந்த வியாழக்கிழமையா?”

“ஆமாம்.”

“அதுக்கு முன்ன?”

“பிரிக்கவில்லை.”

அவன் தலையை ஆட்டினான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். “தப்பு யாருக்கும் வரும்லே,” என்றான் மெதுவாக. “ஒருத்தன் வாசிச்சிருக்கான்னு நெனச்சிட்டு இருந்தேன். அத நெனச்சுட்டே எழுதுனேன். ஒருத்தனும் வாசிக்கல.”

“நான் வாசிச்சேன்லா,” என்றார் லூர்து. “தெனமும் வாசிச்சேன்.”

சூசை கையை நீட்டினான். அந்தக் கை சரியாக அவர் கையைத் தொட்டது.

பிறகு உறையிலிருந்த பன்னிரண்டு தாளையும் எடுத்து வைத்தேன்; விதிப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். பிழை கண்ட வரியிலிருந்து முடிவுவரை எழுதியவனே சிவப்புக் கோடு போட வேண்டும். இரட்டை கையெழுத்திட வேண்டும். லூர்து சிவப்புப் பென்சிலை அவன் விரலில் வைத்து, நுனியை ஏழாம் வரியில் பொருத்தினார். அவன் கோடு போட்டான். கோணவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அவர் தாளை நகர்த்த, பன்னிரண்டாம் தாள்வரை கோடு போனது. பத்தொன்பது நோட்டுகளில் யாரும் கோடு போடவில்லை.

“பதிவேடு கொண்டாந்திருக்கியா?”

“இருக்கிறது.”

“பெற்ற நாள் எழுது. பார்த்த நாளும் எழுது. உள்ளபடி எழுது.”

எழுதினேன். இரண்டு கட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவே ஒரு மெல்லிய கோடுதான்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், “மழை விடுறதுக்குள்ள போயிருலே. விட்டா பஸ்ஸுல கூட்டம் ஏறிரும்,” என்றான். மழை விடுவதற்கு முன்பே கிளம்பினேன்.

அடுத்த வாரம் வெளித் தீவுகளில் வேலை. மோட்டார் படகு, அலை, நனைந்த ரொட்டி. ஏழு மழைமானிகள், ஐந்து சரி, இரண்டு சாய்வு. சாய்ந்தவற்றை நிமிர்த்தினேன்.

திரும்பும் கப்பல் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு. துறைமுகத்தில் லூர்து தனியாக நின்றிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய கருவாடு.

“வீட்டுல பிள்ளைகளுக்குக் கொடுங்க அண்ணே.”

“சூசை?”

“ஒம்பது நாளா நோட்டு கேக்கல. சாப்புடுறாக, ரேடியோ கேக்காக, தூங்குறாக. காலையில நான் பேனாவ எடுத்துட்டுப் போய் ஒக்காருதேன். சும்மா இருங்காக.” கப்பல் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணே, அந்தத் தொண்ணூறு நாளைக்குள்ள ஒரு வரி போட்டிருந்தியன்னா, அப்ப அவுகளுக்குக் கண்ணு இருந்துச்சுல்லா.”

 சங்கு ஊதியது. கருவாட்டை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

அன்று மாலை முதல் மறுநாள் மதியம்வரை சூசைக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் எழுதினேன். நான்கு பக்கம். முதல் நான்கு பக்கத்துக் கணிதம் பிழையற்றது, அங்கிருந்து வேறு வழியில் போகலாம், நீ சொல்லு, லூர்து எழுதட்டும், வருகிற தாளை வந்த அன்றே பார்ப்பேன் என்றும் எழுதினேன். சென்னையில் இறங்கிய நாளே தபாலில் சேர்த்தேன்.

முப்பது நாள் ஆயிற்று. கப்பல் தாமதம் இருக்கும் என்று தொண்ணூறு நாள் விட்டேன். நேற்று தொண்ணூற்றோராம் நாள். பதில் இல்லை. மன்றத்து விதிப்படி, குறை எதுவும் காணவில்லை, ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று பதிவேட்டில் நான் எழுதிக்கொள்ளலாம்.

எழுதவில்லை. பதில் வராத கடிதம் எந்தக் கோப்பில், எந்த நிலையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.